ஆறாவது டிராக்

எனக்குக் கால் ஆட்டும் பழக்கம் உண்டு. எங்கே உட்கார்ந்தாலும் வலது கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். "காலை ஆட்டாதேடா, ஆத்துக்கு ஆகாது" என்று அம்மா சொல்லாத நாள் கிடையாது. கல்கத்தாவில், லேக் கார்டன்ஸில் எங்கள் பிளாட்டுக்கு நேர் கீழே குடியிருந்த வங்காளி மாமி, மாஷிமா என்று கூப்பிடுவோம், ஒருநாள் மாடியேறி வந்து, தங்கள் வீட்டு ஷோகேஸில் கண்ணாடிப் பொம்மைகள் நடுங்குகின்றன, பூகம்பமா என்று கேட்டார். அம்மா என் காலைப் பார்த்து முறைத்தாள். குற்றவாளி கால் இல்லை, கட்டிலடியில் வைத்திருந்த என் ஆம்ப், கிடாரின் ஒலிபெருக்கிப் பெட்டி, என்பதை நான் இருவரிடமும் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. டல்ஹௌசி பக்கம் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பு அங்கே இருக்கும், மனசு எலக்ட்ரிக் கிடாரில் இருக்கும். கிடாரைவிட ஒரு படி மேலாக நான் நேசித்தது, காலால் மிதித்து இயக்கும் ஒரு சின்னப் பெட்டியை. அதன் பெயர் டிலே பெடல். அப்பாவுக்கு அதை விளக்கப் போய் மாட்டிக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது.

"காலியான கல்யாண மண்டபத்துல யாராவது தும்மினா ஒரு கார்வை நிக்குமே, அது ரிவெர்ப். நாம சொன்னதையே ஒருத்தன் கொஞ்சம் கழிச்சுத் திருப்பிச் சொன்னா, அது டிலே" என்றேன்.

அப்பா பேங்க் அதிகாரி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சொன்னதையே திருப்பிச் சொல்றதுக்கு ஒரு மெஷினா? எங்க பேங்க்ல அதுக்கு ஆளே போட்டிருக்கா" என்றார்.

சிரித்தேன். ஆனால் அந்தப் பெட்டி எனக்கு விளையாட்டுச் சாமான் இல்லை. எனக்கு இடைவெளி ஆகாது. பேச்சில் மௌனம் வந்தால் ஏதாவது உளறி நிரப்பிவிடுவேன். பஸ் வரத் தாமதமானால் நடக்க ஆரம்பித்து, நடுவழியில் அதே பஸ் என்னைத் தாண்டிப் போவதைப் பார்ப்பேன். டிலே பெடல் என் அவசரத்துக்கென்றே செய்ததுபோல இருந்தது. நான் ஒரு சுரத்தை மீட்டினால், அது சற்றுத் தள்ளி அதையே திருப்பிச் சொல்லும். எவ்வளவு தள்ளி என்பதை ஒரு குமிழைத் திருகிப் பாட்டின் தாளத்துக்குப் பொருத்திக்கொள்ளலாம். பொருத்தி வைத்துக்கொண்டு, ஒன்று விட்டு ஒன்றாக மீட்டுவேன். விட்ட இடத்தில் எல்லாம் பெடல் வந்து உட்காரும். நான்கு சுரம் கேட்கிற இடத்தில் என் கை மீட்டியது இரண்டுதான். மற்ற இரண்டும் என் கையின் மறுகுரல். இரண்டும் சேர்ந்தால்தான் என் வாசிப்பு. ஒன்றில்லாமல் மற்றொன்று பாதிக் கதவு.

எங்கள் பேண்டில் பாடியவன் என் கல்லூரித் தோழன். வீடு சரோவர் ஏரி ஓரம். பாட்டு எழுதுவான், மெட்டமைப்பான், கோபித்துக்கொள்வான், மூன்றிலும் சமர்த்தன். லேக் கார்டன்ஸ் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு நிற்கிறவனைப் பற்றி அவன் ஒரு பாட்டு எழுதியிருந்தான். கேட் மூடியிருக்கிறது, ரயிலும் வரவில்லை, கேட்டுக்கு அந்தப் பக்கம் அவள் நிற்கிறாள். பாட்டு என் கிடாரோடுதான் ஆரம்பிக்கும். எந்நேரமும் கால் ஆட்டுகிறவனுக்கு வாசிக்க அதைவிடப் பொருத்தமான பாட்டு உண்டா? தட்டித் தட்டி, நிற்காமல், மூச்சு முட்டுகிறமாதிரி ஒரு தொடக்கம் போட்டேன். முதல்முறை கேட்டபோதே அவன் எழுந்து வந்து என் தலையைப் பிடித்து ஆட்டினான்.

அந்தப் பாட்டை முதலாக வைத்து ஒரு கேசட் போட ஒரு கம்பெனி சம்மதித்தது. துர்கா பூஜைக்கு வெளியிட வேண்டும் என்பது நிபந்தனை. கல்கத்தாவில் பூஜைக்குப் புடவை எடுப்பதுபோலப் புதுப் பாட்டும் எடுப்பார்கள். பூஜைக்கு வராத கேசட் பொங்கல் முடிந்து வந்த கரும்பு மாதிரி, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அந்தப் பாட்டில் என் கிடார் இருக்க வேண்டும் என்று நான் பட்ட வெறியை இப்போது நினைத்தாலும் எனக்கே கூச்சமாக இருக்கிறது. காரணம் இருந்தது. நான் பிறந்தது இந்த ஊரில். என் வங்காள மொழி என் தமிழைவிடச் சுத்தம். அப்படியும் பேண்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் என்னை "அந்த மாத்ராஜி", அதாவது மதராசி, என்றுதான் சொல்வார்கள். அன்பாகத்தான். அன்பாகச் சொல்வதுதான் எரிச்சல். பந்தலுக்குப் பந்தல் அந்தப் பாட்டு ஒலிக்கட்டும், தொடக்கம் என் கையிலிருந்து வரட்டும், அப்புறம் எவன் என்னை விருந்தாளி என்பான் பார்க்கலாம் என்று கறுவிக்கொண்டிருந்தேன்.

ஸ்டூடியோ டாலிகஞ்ச் பக்கம் ஒரு வீட்டின் தரைத்தளத்தில் இருந்தது. ஒலிப்பதிவு நடக்கும்போது ஏ.சி. சத்தம் விழும் என்று அணைத்துவிடுவார்கள். உள்ளே வேர்த்துக் கொட்டும். ரிக்கார்டிஸ்ட் நாற்பதைத் தாண்டியவர், எதிலும் முன்ஜாக்கிரதை. குடை எடுக்காமல் அவர் வீட்டு வாசலைத் தாண்டியதே இல்லை என்பார்கள். டேப்பில் எட்டு டிராக்தான், அதாவது எட்டுச் சத்தங்களைத்தான் தனித்தனியாகப் பிடித்து வைக்க முடியும். ஒவ்வொன்றையும் சொத்துபோலப் பார்த்துப் பார்த்துக் கொடுப்பார். எனக்கு மட்டும் இரண்டு கொடுத்தார்.

என் பெடலின் பின்பக்கம் ஒயர் செருக இரண்டு துளைகள் இருந்தன. ஒன்றிலிருந்து கிடார் சத்தம் மட்டும் வரும், மற்றதிலிருந்து பெடலின் மறுகுரல் மட்டும். வெறும் கிடாரை ஐந்தாவது டிராக்கிலும் மறுகுரலை ஆறாவதிலும் தனித்தனியாகப் பிடித்தார்.

"எதற்கு? சேர்த்தே பிடியுங்கள், எனக்கு அது ஒரே வாசிப்பு" என்றேன்.

"மீன் குழம்பில் உப்பு கூடினால் எடுக்க முடியுமா? உப்பைத் தனியே வைத்துக்கொண்டால் கடைசியில் வேண்டிய அளவு போடலாம்" என்றார். உலகம் முழுக்க இதுதான் முறை, அவர் சொன்னதில் தப்பே இல்லை. எனக்குப் பொறுமை இல்லாததால் சரி என்று தலையாட்டிவிட்டு வாசித்தேன். ஹெட்ஃபோனில் இரண்டும் சேர்ந்துதான் கேட்டன. நன்றாக வந்தது. அப்படி என் வாழ்நாளில் வாசித்ததில்லை. முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, கால் மட்டும் ஆடவில்லை. அதை நானே கவனித்தேன்.

அன்று பாடகன் வரவில்லை, தொண்டை கட்டியிருந்தது. மறுநாள் அவன் வீட்டுக்குப் போய், வாசித்தாகிவிட்டது, எல்லா டிராக்கையும் சேர்க்கிற மிக்ஸிங்குக்கு நான் இருக்க மாட்டேன், அக்காவுக்குக் கல்யாணம், கும்பகோணம் போகிறோம் என்றேன்.

அவன் நெற்றியைச் சுருக்கினான். "பாத்ரோ மாஷே பியே ஹொய் நாகி?" என்றான். பாத்ரோ மாசத்தில் எவனாவது கல்யாணம் பண்ணுவானா என்று அர்த்தம்.

அவர்களுடைய பாத்ரோவும் நம்முடைய ஆவணியும் ஒரே மாசம். ஆடி போய் ஆவணி வந்ததும் நம்மவர்கள் மண்டபத்துக்கு அலைகிற அதே நாட்களில் வங்காளிகள் கல்யாணப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். சம்பந்தம் பேச வருகிறவரைக்கூட அடுத்த மாசம் வா என்று அனுப்பிவிடுவார்கள். "எங்களுக்கு இதுதாண்டா நல்ல மாசம்" என்று வங்காள மொழியில் சொன்னேன். "ஓ, அச்சா, அச்சா" என்றான். எனக்கு ரயிலுக்கு மூட்டை கட்டுகிற அவசரம். அந்த அச்சாவுக்குள் என்ன இருந்தது என்று நின்று பார்க்கவில்லை. பார்க் ஸ்ட்ரீட்டில் ஒரு ஹோட்டல் பேண்டு என்னை ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது அவனுக்கும் தெரியும் என்பது அப்போது என் நினைவிலேயே இல்லை.

ஹவுராவில் ஏறினோம். வண்டி கிளம்பிய வேகத்தில் சாந்த்ராகாச்சி யார்டில் போய் நின்றது. ஏன் நின்றது, யாருக்காக நின்றது, கடவுளுக்குத்தான் வெளிச்சம். பெட்டிக்கு வெளியே சரக்கு வண்டிகள் வரிசையாக நின்றன. நான் கதவுக்கும் சீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன். இறங்கி லோக்கல் பிடித்தால் சாயங்காலத்துக்குள் ஸ்டூடியோ போய்விடலாம் என்று மனசு கணக்குப் போட்டது.

"உக்காரேண்டா. கல்யாணம் எனக்கா உனக்கா?" என்றாள் அக்கா.

கும்பகோணத்தில் உறவுக்கூட்டம் என்னைக் கல்கத்தாக்காரன் என்றது. அங்கே மாத்ராஜி, இங்கே கல்கத்தாக்காரன். நல்ல பிழைப்பு. மண்டபத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை. ஹோமத்தின்போது கல்யாணப் பெண்ணின் கையில் பொரி இடுவது கூடப்பிறந்தவன் வேலை. மூன்று தடவை இட வேண்டும். நான் இட்ட வேகத்தில் பாதிப் பொரி அக்கா கையில், பாதி அத்திம்பேர் மடியில். "நிதானமாப் போடேன்" என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். புகையில் அவள் கண் கலங்கியிருந்தது. புகை மட்டும் இல்லை என்று தெரிந்ததும் கடைசிப் பிடிப் பொரியை நிதானமாக இட்டேன். அந்த ஒரு கணம் கல்கத்தா, கேசட் எல்லாம் மறந்துதான் போயிற்று.

சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போதே எதிர்த்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். ஸ்டூடியோவுக்குப் போட்டால் எடுக்கவில்லை. பாடகன் வீட்டுக்குப் போட்டேன். அவனே எடுத்தான்.

"மிக்ஸிங் என்ன ஆச்சு?"

"நடக்கிறது."

"கிடார் எப்படி இருக்கு?"

கொஞ்ச நேரம் லைனில் கரகரப்பு. பிறகு, "நீ கல்யாணத்தைப் பார். கல்யாணம் ஜோரா?" என்றான். குரலில் ஏதோ நக்கல். அவனுக்குப் பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. வைத்துவிட்டான்.

திரும்பி வருகிறவரை எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, சோறு இறங்கவில்லை. என்ன நடந்தது என்று ஆயிரம் விதமாக யோசித்தேன், சரியான விதத்தை மட்டும் யோசிக்கவில்லை.

வீட்டில் பெட்டியை வைத்த கையோடு ஸ்டூடியோவுக்குக் கிளம்பினேன். "வெறுங்கையோட போகாதே" என்று அம்மா கல்யாணப் பட்சணத்தை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தாள். தாம்பூலத்துக்கு அடித்த பை. மணமகன், மணமகள் பெயர், முகூர்த்த நாள் எல்லாம் ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் இங்கிலீஷிலும் சிவப்பு எழுத்தில் இருக்கும்.

உள்ளே பாடகனும் ரிக்கார்டிஸ்டும் மட்டும் இருந்தார்கள். பாடகன் என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. "முடிந்துவிட்டது. நாளைக்குக் கம்பெனிக்குப் போகிறது" என்றான்.

"போடு, கேட்கிறேன்."

ரிக்கார்டிஸ்ட் அவன் முகத்தைப் பார்த்தார், பிறகு பொத்தானை அழுத்தினார்.

கிடார் ஆரம்பித்தது. என் கிடார் இல்லை. நான் போட்ட அதே மெட்டு, அதே சுரங்கள். ஆனால் நான் விட்ட இடங்களையெல்லாம் விடாமல், நாலுக்கு நாலு, ஒரு பிசிறில்லாமல் வேறு யாரோ மீட்டியிருந்தான். சுத்தமான கை. மேலே வழவழவென்று ஸ்டூடியோவின் ரிவெர்ப். எனக்குக் காது சுட்டது. கத்தலாம் என்று வாயைத் திறந்தவன் அப்படியே நின்றேன். அந்தக் கிடாருக்குப் பின்னால், வெகு தூரத்தில், இன்னொன்று தட்டிக்கொண்டிருந்தது. தட்டித் தட்டி, நிற்காமல். கேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ கம்பியைத் தட்டுவதுபோல. அது என் பெடல். என் மறுகுரல். நான் இல்லை, என் எதிரொலி மட்டும் இருந்தது.

"யார் இது?" என்றேன்.

பாடகன் ஒரு பெயரைச் சொன்னான். ஊரில் அப்போதே கொஞ்சம் பேசப்பட்ட கை. "வேற வழி? அப்படி வாசித்துவிட்டு ஓடிப்போனால்?" என்றான். "பாதி சுரத்தை விழுங்கியிருக்கே. பல் போன வாய்மாதிரி நடுநடுவே ஓட்டை. நானே கேட்டேன்."

என்ன நடந்தது என்பதை ரிக்கார்டிஸ்ட்தான் வரிசையாகச் சொன்னார். என் கிடாருக்கு ஸ்டூடியோ ரிவெர்ப் போட்டுப் பார்க்கலாம் என்று ஆறாவது டிராக்கை மூடிவிட்டு ஐந்தை மட்டும் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். அந்த நேரம் பாடகன் வந்து, ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டிருக்கிறான். பாதிக் கதவைப் பார்த்து வீடே இடிந்துவிட்டது என்று முடிவு கட்டியிருக்கிறான். அவர் திரும்பி வந்து, மீதி ஆறாவதில் இருக்கிறது, சேர்த்துக் கேள் என்று திறந்து காட்டினாராம். எஃபெக்ட் போட்டு மூடினால் கை சரியாகிவிடுமா என்று இவன் கத்தினானாம்.

"அப்போ ஐந்தாவதை மறுபடி திறங்கள். சேர்த்துப் போடுங்கள். இவன் இப்போதே கேட்கட்டும்" என்றேன்.

ரிக்கார்டிஸ்ட் குமிழ்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "டிராக் வேற காலி இல்லை. புதுக் கிடாரை ஐந்தாவதின் மேலேயே பிடித்தாகிவிட்டது."

மேலேயே பிடித்தால் கீழே இருந்தது போனது போனதுதான். அந்த வாசிப்பு இனி உலகத்தில் எங்கேயும் இல்லை. எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்ததால் கோபம் வந்தது. "ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமேடா! நானே பூத்திலிருந்து கூப்பிட்டேனே!" என்று கையிலிருந்த பையை மேஜையில் வீசினேன். லட்டு ஒன்று உருண்டு வந்து அவன் முழங்கையில் இடித்து நின்றது.

அவன் லட்டைப் பார்த்தான். பையைப் பார்த்தான். இழுத்து, இங்கிலீஷ் எழுத்தை மெதுவாகப் படித்தான். என் அக்கா பெயர் அவனுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எத்தனையோ நாள் அவள் சுட்ட தோசையைத் தின்றிருக்கிறான். தேதியில் விரலை வைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"ஷொத்தி பியே சிலோ?" என்றான். நிஜமாகவே கல்யாணம்தானா?

"பின்னே?"

"பாத்ரோ மாசத்தில் கல்யாணம் என்றால் யார் நம்புவார்கள்? பார்க் ஸ்ட்ரீட் ஹோட்டலுக்கு வாசிக்கப் போகிறாய், என்னிடம் சொல்ல வெட்கப்பட்டுக் கதை விடுகிறாய் என்று நினைத்தேன். அப்புறம் அந்த வாசிப்பையும் கேட்டேனா..." பாதியில் நிறுத்திவிட்டான். முகம் வெளிறியிருந்தது. கெட்டவனில்லை அவன். என்னை இழந்துவிட்டோம் என்று நினைத்து, அந்த வலியில் என்னை அழித்திருக்கிறான். அது புரிந்தது. புரிந்து என்ன பிரயோஜனம்?

மறுபடி வாசிக்க நேரமில்லை. மறுநாள் கொடுக்காவிட்டால் பூஜைக்கு வராது. உறைக்குள் வைக்கிற அட்டையும் அச்சாகிவிட்டது, கிடாருக்கு நேரே அந்தப் புதியவன் பெயர் போட்டு.

"அந்த ஆறாவதையும் எடுத்துவிடுங்கள்" என்றேன். "நான் இல்லாத பாட்டில் என் எச்சில் எதற்கு?"

ரிக்கார்டிஸ்ட் டேப்பைச் சுற்றி, மறுபடி போட்டு, ஆறாவது டிராக்கின் சத்தத்தை ஏற்றி இறக்குகிற ஃபேடரைக் கீழே இழுத்தார். பாட்டு ஓடியது. குறை சொல்ல ஒன்றுமில்லை. சுரமெல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தன. ஆனால் கேட்டில் யாரும் நிற்கவில்லை. அவசரம் இல்லை. ரயில் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்று ஒரு பாட்டு. பாடகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதனால்தான் விட்டுவைத்தேன். அதை எடுத்தால் பாட்டு உட்கார்ந்துவிடுகிறது" என்றார் ரிக்கார்டிஸ்ட்.

பாடகன் தலை நிமிராமலே சொன்னான்: "நீ சொல்கிறபடி செய்கிறோம். எடு என்றால் எடுத்துவிடலாம்."

ஃபேடர் அவர் விரலடியில் கீழே கிடந்தது. நான் எடு என்று சொல்லியிருக்க வேண்டும். ரோஷமுள்ள எவனும் அதைத்தான் சொல்வான். ஆனால் அது நல்ல பாட்டு. நான் எழுதாவிட்டாலும் எனக்கும் சொந்தமான பாட்டு. அதை என் கையாலேயே உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை.

"ஏத்துங்க" என்றேன். "இன்னும் கொஞ்சம். போதும்." லட்டுப் பையை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்து, பஸ் ஏறாமல் வீடுவரை நடந்தேன்.

பூஜையில் பாட்டு பிய்த்துக்கொண்டு போயிற்று. பந்தலுக்குப் பந்தல் அதுதான். நான் ஒரு பந்தலிலும் நிற்க முடியாமல் அடுத்ததற்கு ஓடினேன். குழாய் ஸ்பீக்கரில் பாடகன் குரலும் அந்தப் புதியவன் கிடாரும் தெருமுனைவரை கேட்டன. பின்னால் இருக்கும் என் தட்டல் மட்டும் எந்தக் குழாயிலும் ஏறவில்லை. அடுத்த கேசட்டில் முழுக்க நீதான் என்று பாடகன் விஜயதசமிக்கு வந்து கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னான். மனசாரத்தான் சொன்னான். ஆனால் பாட்டைக் கேட்டவர்கள் மேடையில் அந்தப் புதியவனைத்தான் தேடினார்கள். சில மாதங்கள் இருவருமாக வாசித்துப் பார்த்தோம். பிறகு நானே வருவதைக் குறைத்துக்கொண்டேன். யாரும் போகச் சொல்லவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

பிறகு வேலை, கல்யாணம், குழந்தை. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் எங்கள் கம்பெனி ஊருக்கு வெளியே நியூ டவுனுக்கு இடம் மாறியது. கண்ணாடிக் கட்டடம், சுற்றிலும் புல் முளைத்த காலி மனைகள். ஆபீஸில் பூஜைக்கு ஒரு நிகழ்ச்சி வைப்பார்கள். ஒரு வருஷம் எங்கள் பிரிவிலேயே நாலைந்து பேர் சேர்ந்து அந்தக் கேட் பாட்டை எடுத்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கான்ஃபரன்ஸ் அறையில் ஒத்திகை. நான் தயிர்சாதத்தை முடித்துவிட்டு, சும்மா எட்டிப் பார்க்கிறவன்போல எட்டிப் பார்த்தேன்.

கிடார் வாசித்தவர் என் டீமில் இருந்த வங்காளி நண்பர், என்னைத் தாதா, அதாவது அண்ணா, என்று கூப்பிடுகிறவர். சுரமெல்லாம் சரி. ஆனால் தலையில் அடித்துக்கொண்டிருந்தார். "தாதா, ரெக்கார்டில் பின்னால் என்னமோ ஒன்று இருக்கிறது. டிலே போட்டால் எல்லாம் குழம்புகிறது, எடுத்தால் சப்பென்று ஆகிறது. என்ன செய்திருக்கிறார்கள் என்றே பிடிபடவில்லை" என்றார்.

மூலையில் இன்னொரு கிடார் சும்மா கிடந்தது. அவருடைய டிலே பெடலை வாங்கி அதில் செருகினேன். குமிழைத் திருகும்போது விரல் தானாக இடம் கண்டுபிடித்தது. பெடலின் பின்னால் அந்த இரண்டு துளைகள் இருந்தன. மறுகுரல் வருகிற துளையை மட்டும் ஆம்ப்பில் கொடுத்தேன், சத்தத்தைக் குறைத்தேன். "நீங்கள் டிலே இல்லாமல் முழுக்க வாசியுங்கள். ஒன்றும் மாற்ற வேண்டாம்" என்றேன்.

அவர் முன்னால் மீட்டினார். நான் பின்னால் ஒன்று விட்டு ஒன்று மீட்டினேன். என் கை மீட்டியது யாருக்கும் கேட்கவில்லை, திரும்பி வந்தது மட்டும் கேட்டது. அச்சு அசலாக அதே பாட்டு. டிரம்ஸில் இருந்தவர் குச்சியை நிறுத்திவிட்டு, அப்படியே ரெக்கார்டு என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. அத்தனை வருஷம் கழித்தும் உள்ளே கொதித்ததும் நிஜம்.

"இதற்கு இரண்டு பேரா! தாதா, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் நண்பர்.

அதுவரை ஆபீஸில் யாரிடமும் சொன்னதில்லை. "பின்னால் இருக்கிறது நான்தான்" என்றேன். "அந்த ரெக்கார்டில்."

நம்பினார். சந்தேகப்படவே இல்லை. கிடாரை மடியில் வைத்துக்கொண்டு, கண்கள் விரிய, நாற்காலியோடு என் பக்கம் நகர்ந்து வந்தார்.

"தாஹோலே ஷாம்னேர்டா கே?" என்று கேட்டார். அப்போ முன்னால் வாசித்தது யார்?

சொன்னேன். அந்தப் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது.